எடைமேடை ராயப்பனும் பிளக்ஸில் ஏறாத அம்மாவும்

சங்ககிரியிலிருந்து எடப்பாடி வரைக்கும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி லோடு ஏற்றிப் போகிற எந்த டிரைவரைக் கேட்டாலும் ராயப்பனைத் தெரியும் என்பான். தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் லாரி ஓட்டுகிறவனே கிடையாது. இது ராயப்பனே சொன்னது. அவரைப் பற்றி ஊரில் உலவுகிற பெருமைகளில் பாதி அவர் வாயிலிருந்து வந்தவைதான். அத்தனையும் உண்மை என்பதுதான் கேட்கிறவர்களுக்குச் சங்கடம்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு அவரை விட்டது. அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை என்றுதான் சொல்வார். ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் கிழங்குத் தோல் வாரினார். லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கினார். ஜவ்வரிசி மூட்டையோடு இந்தூருக்கும் நாக்பூருக்கும் போய்வந்ததில் இந்தி வந்தது, இந்தியில் சண்டை போடவும் வந்தது. கடைசியில் சூசைபாளையம் பிரிவு ரோட்டில், சொந்த நிலத்தில், லாரியை லோடோடு நிறுத்தி நிறுக்கிற எடைமேடை ஒன்றைப் போட்டார். பெயர்ப்பலகையில் தன் பெயரைத் தன் உயரத்துக்கு எழுதச் சொன்னார். பெயின்டர் அளவு கேட்டபோது பலகையோடு ஒட்டி நின்று காட்டினார்.

அந்த எடைமேடையைப் பற்றி மட்டும் அவர் பீற்றிக்கொள்ள வேண்டியதே இல்லை. கிழங்கு விற்கிற விவசாயியும் வாங்குகிற மில்காரனும் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள். இரண்டு பேரும் ராயப்பனை நம்புவார்கள். டிரைவர் இறங்காமல் வண்டி நிறுக்கக் கூடாது. நிறுக்கிற நேரத்தில் யாரும் மேடைமேல் கால் வைக்கக் கூடாது. நிறுக்க வந்தவன் கையிலிருந்து ஒரு பீடி கூட வாங்கக் கூடாது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற மாதேஷுக்கு வேலைக்கு வந்த முதல் நாளே அவர் சொன்னது இவைதான். இத்தனை வருஷமாக வேறொன்றும் சொல்லவில்லை, மற்றதெல்லாம் திட்டுதான்.

ஊரில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். சூசையப்பர் கோயில் பாடகர் குழுவில் ராயப்பனின் மகன் வழிப் பேத்தி லிடியா பாடிக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிறாள். குரல் அவள் பாட்டி குரல் என்று ஊர் சொல்லும். தன் குரல் என்று ராயப்பன் சொல்வார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தலைவலி என்றாள், பரீட்சை என்றாள். அவள் அம்மா மெல்லக் கேட்டுப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. பாட்டு வாத்தியார், சுருதி தப்பிய பிள்ளைகளைப் பிரம்பால் அடித்து, தபேலா வைக்கிற இருட்டறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவாராம். வெளியே சொன்னால் குழுவை விட்டே நீக்கிவிடுவேன் என்பாராம். லிடியா ஒரு முழுப் பூசை நேரமும் அந்த அறைக்குள் இருந்திருக்கிறாள்.

கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை மூன்று பேரை விசாரிக்கச் சொன்னது. ஒருவர் வாத்தியாருக்கு மச்சான். ஒருவர் வாத்தியாருடைய மகனுக்கு ஞானத்தகப்பன். மூன்றாமவர் வாத்தியாரோடு தினமும் கேரம் ஆடுகிறவர். கண்டிப்பு இல்லாமல் பாட்டு வராது என்று அவர்கள் சொல்லி முடித்தார்கள்.

ராயப்பன் அன்றைக்கே சேலத்துக்கு பஸ் ஏறினார். ஆயர் இல்லத்தில், பிள்ளைகள் பாதுகாப்பைப் பார்க்க, சபைக்கு வெளியிலிருந்து விஷயம் தெரிந்தவர்களை அழைத்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள் என்று பங்குத்தந்தை டோனி சாமி சொல்லியிருந்தார். அங்கே போய் ராயப்பன் கேட்டது இதுதான்: "எங்கூரு ஆளு வேண்டாமுங்க. எங்க கோயிலாளும் வேண்டாமுங்க. வாத்தியாருக்கு ஒறவு வேண்டாம், எனக்கும் ஒறவு வேண்டாம். ஆரும் இல்லாத ஆளா ஒருத்தர அனுப்புங்க."

அனுப்பிவைத்தார்கள். அறிவுச்செல்வி நாமக்கல்காரர். குழந்தைகள் நல வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். கும்பிடுகிற சாமி வேறு. ராயப்பன் பிரிவு ரோட்டிலேயே நின்று, பஸ்ஸிலிருந்து இறங்கியவரை வரவேற்றார்.

"வாங்க அம்மிணி. நீங்க என் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரிங்க."

"வேண்டாமுங்கய்யா."

"என்னுங்க வேண்டாம்?"

"தங்கச்சின்னு ஆயிட்டா, நாளைக்கு அண்ணன் மேல ஒரு பிள்ளை புகார் சொன்னா நான் எப்படிங்க விசாரிக்கறது?"

ராயப்பன் கூப்பிய கையை இறக்கித் துண்டைச் சரி செய்துகொண்டார். மாதேஷ் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து சிரித்தான்.

அந்த அம்மா பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். கதவு திறந்தே இருந்தது. பிள்ளையின் அம்மா கண்ணுக்கெட்டும் தூரத்தில், காதுக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரையும் கூப்பிட்டு முழுசாகப் பேசவிட்டார். எழுதியதை டோனி சாமியிடம் கொடுக்கவில்லை. நேரே சேலத்துக்கு அனுப்பினார். டோனி சாமியே, என்னிடம் காட்டக் கூடாது என்பதுதான் முறை என்று பூசையில் சொன்னார். வாத்தியார் நீக்கப்பட்டார், போலீசுக்குப் போக வேண்டியதும் போனது. கோயில் சுவரில், பிள்ளைகள் கண்மட்டத்துக்கு, அறிவுச்செல்வியின் போன் நம்பரைப் பெரிதாக எழுதினார்கள். லிடியா அந்த நம்பரை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தாள். அடுத்த ஞாயிறு பாடப் போனாள். இருட்டறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பாடிப் பழகினார்கள்.

பேத்தி வெயிலில் உட்கார்ந்து பாடுவதா என்றுதான் ராயப்பன் கோயில் வளாகத்தில் பாடகர் அறை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். எடைமேடைக்கு அஸ்திவாரம் போட்ட அதே மேஸ்திரி, அதே கம்பி. அந்தக் கட்டடத்துக்குள் டாங்கர் லாரியை நிறுத்தலாம் என்று ஊரில் கேலி பேசினார்கள். ராயப்பன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மே முதல் தேதி சூசையப்பர் திருவிழா. அன்றைக்குத் திறப்பு. திறந்து வைக்க ஒரு பெரிய கை வேண்டுமே என்று யோசித்தவருக்கு ஒரே ஒரு பெயர்தான் மனதில் வந்தது. அந்த அம்மாவால்தானே பேத்தி மறுபடியும் பாடுகிறாள். அந்த நன்றியை எப்படிச் சொல்வது? நம் ஊரில் நன்றியைச் சொல்வதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அதற்குச் சங்ககிரியில் கடையும் இருக்கிறது.

கொடியேறிய மறுநாள் காலை, பிரிவு ரோட்டிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் பிளக்ஸ் நின்றது. ஒரு பக்கம் கூலிங்கிளாஸோடு ராயப்பன், காதில் போன். மறுபக்கம் அறிவுச்செல்வி, வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். நடுவில், ‘எங்கள் பிள்ளைகளின் பாதுகாவலியே வருக! பாடகர் அறையைத் திறந்து வைப்பவர்: திருமதி அறிவுச்செல்வி’. அறை வாசலில் கருங்கல் பலகையிலும் அதையே, கட்டியவர் ராயப்பன் என்பதையும் சேர்த்து, செதுக்கித் தங்கப் பெயின்ட் பூசியாயிற்று. கேட்டுக்கொண்டு போடுவதா என்று மாதேஷ் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான். கேட்டுப் போட்டால் அதில் என்ன மரியாதை என்றார் ராயப்பன்.

மத்தியானம் டோனி சாமி பைக்கில் எடைமேடைக்கு வந்தார்.

"ராயப்பண்ணா, பிளக்ஸ் பாத்தேன்."

"எப்படிங்க சாமி இருக்குது?"

"பெருசா இருக்குது."

"பெருசா இருந்தாத்தானுங்க பிளக்ஸு. சின்னதா இருந்தா அது நோட்டீசு."

டோனி சாமி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "அறிவுச்செல்வி அம்மா போன் பண்ணாங்க. பொறுப்பிலிருந்து விலகிக்கறேங்கறாங்க."

"எதுக்குங்க? படம் நல்லா வரலீங்களா?"

"படம் வந்ததுதான் பிரச்சினை. நம்மளச் சரியா இருக்கறமான்னு பாக்கறதுக்கு வெளியிருந்து வந்தவங்க அவங்க. அந்த ரூமையும் அவங்கதான் சரி பாக்கணும். அதை நீங்க அவங்க கையாலயே திறந்து வைக்கச் சொன்னா, அப்புறம் அதுல குறை இருக்குதுன்னு எப்படிச் சொல்லுவாங்க? உங்க மேல நாளைக்கு ஒரு பிள்ளை புகார் சொல்லணும்னா, உங்க கூட பிளக்ஸ்ல நிக்கற அம்மாகிட்டயா போய்ச் சொல்லும்?"

"எம்மேல ஆருங்க புகார் சொல்றது?"

"வாத்தியாரும் அதைத்தான் கேட்டாரு."

ராயப்பனுக்கு முகம் சிவந்தது. ஒரு மரியாதை செய்தது குற்றமா என்றார். சால்வை போர்த்தினால் வேண்டாம் என்கிற ஆளை இந்த மாவட்டத்தில் பார்த்ததுண்டா என்றார். அந்த அம்மா போனால் வேறொருவர் வரட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

"வருவாங்க. எப்பன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு டோனி சாமி எழுந்தார். "திருவிழாவுக்கு முன்னாடி முடிவு சொல்றேன்னிருக்காங்க."

பள்ளிக்கூடம் லீவு. லிடியா எடைமேடை அறைக்குள் ஐஸ் தின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தாத்தாவை அவள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்பாரு, செவுத்துல இருக்கற நம்பர அழிச்சிருவாங்களா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு சாமி? ஐஸ் உருகுது பாரு."

"அழிச்சாங்கன்னா நான் பாட்டுக்குப் போவல."

அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு ஐஸ் குச்சியைத் துப்புரவாக நக்கினாள். ராயப்பன் அதன் பிறகு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் அவரே கூலிங்கிளாஸோடு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு மில்லின் புரோக்கர் வண்டி நிறுக்க வந்தான். கிழங்கு லாரி மேடையில் ஏறி நின்றது. விவசாயி ஓரமாகத் துண்டை உதறிக்கொண்டு நின்றார். புரோக்கர் ஒரு கூடை மாம்பழத்தைக் கொண்டுவந்து மாதேஷின் மேசையில் வைத்தான்.

"எங்க தோட்டத்துப் பழமுங்க. திருவிழாவுக்கு உங்களுக்கில்லாம ஆருக்குங்க?"

"எடு" என்றார் ராயப்பன்.

"என்னுங்க இது. பிரியமா கொண்டாந்தனுங்க."

"உம்பிரியத்த வண்டிக்குள்ள வை. ஏப்பா, மாம்பழம் தின்னா முள்ளு ஏறிருமா, எறங்கிருமா? ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா அக்கட்டுல நிக்கறாரே கிழங்குக்காரரு, அவருக்குத் தெரியுமா? இந்தக் கூடைய இங்க பாத்துட்டாருன்னா நான் சரியா நிறுத்தாலும் அவருக்கு அது சரியான எடை இல்ல. நிறுக்கறவன் எவங்கிட்டயும்..."

அந்த இடத்தில் ராயப்பன் நின்றார். ஒரு நாளைக்கு இந்தப் பேச்சை எத்தனை தடவை பேசியிருப்பார். பாதியில் நிறுத்தியதே கிடையாது. புரோக்கர் காத்திருந்தான். மாதேஷ் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போல இருந்தான்.

"எவங்கிட்டயும் மரியாதை வாங்கக் கூடாது" என்று மெல்ல முடித்தார்.

புரோக்கர் கூடையோடு போனான். ராயப்பன் கொஞ்ச நேரம் கைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வியர்வை ஒன்றும் இல்லை.

"மாதேசு, ஏணிய எடு."

"எதுக்குங்க மொதலாளி?"

"பிளக்ஸ எறக்கோணும்."

"நேத்துத்தானுங்களே ஒசக்க ஏத்துனோம். உங்க படம் மட்டுமாச்சும் இருக்கட்டுமுங்க, பாதியா வெட்டிக்கலாம்."

அந்த யோசனை ராயப்பனுக்குப் பிடிக்காமல் இல்லை. ஒரு நிமிஷம் யோசிக்கவே செய்தார். "வேண்டாம்" என்றார் கடைசியில். "வெட்டுனா எம்பக்கத்துல ஆரோ இருந்தாங்கன்னு தெரியும்."

பட்டப்பகலில், ஊர் பார்க்க, தானே ஏணியில் ஏறித் தன் படத்தைத் தானே இறக்கினார். சாயங்காலத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது: ராயப்பனுக்கும் நாமக்கல் அம்மாவுக்கும் சண்டை, அந்த அம்மா பணம் கேட்டதாம், இவர் கொடுக்கவில்லையாம். நவநாள் பூசைக்கு வந்த பெண்கள் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்கள். இறக்கிய பிளக்ஸை விட இதுதான் ராயப்பனைச் சுட்டது. தன்னைப் பற்றி ஊர் தப்பாகப் பேசினால் தாங்கிக்கொள்வார், பதிலுக்கு நாலு பேசிக்கொள்வார். அந்த அம்மாவைப் பற்றிப் பேசலாமா?

பூசை முடிந்ததும் அறிவிப்பு நேரத்தில் மைக் அருகே போய் நின்றார். ராயப்பன் மைக்கைப் பிடித்தால் தேர் நேரத்துக்குக் கிளம்பாது என்று ஊருக்குத் தெரியும். டோனி சாமி பீடத்தில் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபித்தாரா என்னவோ.

"நான் மூணாவது வரைக்கும் படிச்சவன்" என்று வழக்கம்போலத் தொடங்கினார் ராயப்பன். "இந்தூரு, நாக்பூரு எல்லாம் போனவன். எனக்குத் தெரியாத விசயம் ஊருக்குள்ள ஒண்ணுமில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன். இருந்திருக்குது. அந்தம்மா எங்கிட்டப் பணம் கேக்கல, காப்பி கேக்கல, ஒரு வாய் தண்ணி கேக்கல. நானாத்தான் பிளக்ஸ் போட்டேன். நம்ம பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா நம்மள நிறுக்கறதுக்கு வந்தவங்கள, நானே தூக்கி லாரி மேல உக்கார வெச்சுட்டேன். டிரைவரு உக்காந்திருந்தா எடை சரியா வருமா? அதான் எறக்கிட்டேன். ஆரும் இனி அந்தம்மாவுக்குச் சால்வை போடாதீங்க, பழம் குடுக்காதீங்க, எங்க அக்கா எங்க தங்கச்சின்னு ஒறவு கொண்டாடாதீங்க. மொறச்சுக்கிட்டும் போகாதீங்க. செவுத்துல நம்பரு இருக்குது. எம்மேல குறை இருந்தாலும் அந்த நம்பருதான். அவ்வளவுதான். இதைவிடச் சுருக்கமா நான் எந்தக் காலத்துலயும் பேசுனதில்ல."

கோயில் சிரித்தது. பின்வரிசையில் யாரோ கை தட்ட, பூசை நேரம் என்று ஒருத்தர் அதட்ட, அதற்கும் சிரித்தார்கள்.

கல்பலகைதான் வம்பு செய்தது. செதுக்கிய எழுத்தை அழிக்க முடியாது, திருவிழாவுக்குள் புதுக்கல்லும் வராது என்றார் கல் வேலைக்காரர். அதிலே ராயப்பன் பெயர் எல்லாருடையதையும் விடப் பெரிதாக இருந்தது. கழற்றித் திருப்பி, வழவழப்பான பின்பக்கம் தெரியும்படி பதிக்கச் சொன்னார். எழுத்தே இல்லாத கறுப்புக்கல் வாசலில் பளபளத்தது. அந்தப் பக்கம் போனவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள்.

டோனி சாமி நடந்ததைச் சேலத்துக்குச் சொன்னார். பதில் ஒன்றும் வரவில்லை. லிடியா தினமும் கோயில் சுவர்ப் பக்கம் போய் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். ராயப்பனும் போனார், அவள் போன பிறகு.

திருவிழாவுக்கு முந்தின நாள். வளாகத்தில் பந்தல், அடுப்பு, வெங்காயம் உரிக்கிற கூட்டம். பத்து மணி பஸ்ஸில் அறிவுச்செல்வி யாருக்கும் சொல்லாமல் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை, கையில் குடை. ராயப்பன் வேகமாக எழுந்தவர் பாதி வழியில் நின்றுகொண்டார். எதிரே போய் வாங்க என்று சொல்லலாமா? நாற்காலி போடலாமா? தன் ஊருக்கு வந்தவரை உட்காருங்கள் என்று சொல்லாமல் நிற்பது அவருக்கு முள்ளின்மேல் நிற்பதாக இருந்தது.

"தண்ணி..." என்றார், அடக்க முடியாமல்.

அறிவுச்செல்வி பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "இருக்குதுங்கய்யா. ரூமப் பாக்கலாமுங்களா?"

டோனி சாமியும் வந்து சேர்ந்துகொண்டார். பாடுகிற பிள்ளைகளும் கூடவே வந்தார்கள், லிடியா முன்னால். அறைக்கு அடித்திருந்த கதவைப் பார்த்ததும் ராயப்பனுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"லாரி பாடி கட்டற தகடுங்க. சங்ககிரியில சொல்லிச் செஞ்சது. உள்ள சாத்துனா வெளிய ஒரு சத்தம் கேக்காது. நல்ல தாழ்ப்பாள், உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. யானை வந்து முட்டினாலும் அசையாதுங்க."

அறிவுச்செல்வி கதவை விரலால் தட்டினார். உள்ளே போனார், வெளியே வந்தார். பிறகு கதவைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தார். மற்ற பிள்ளைகள் உள்ளே ஓடி மின்விசிறி போட்டு எதிரொலி கேட்டு விளையாடினார்கள். லிடியா மட்டும் வாசற்படியில் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வெளிக்காலால் கதவைச் சாத்தவிடாமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"ஏன் கண்ணு, உள்ள போவலையா?" என்று கேட்டார் அறிவுச்செல்வி.

"இங்கயே நிக்கறனுங்க."

ராயப்பன் பார்த்தார். அறை கட்டத் தொடங்கியதிலிருந்து பேத்தி ஒரு நாளும் உள்ளே வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திறப்பு விழா அன்றைக்கு வரட்டும் என்று பிள்ளை காத்திருக்கிறது என்றல்லவா நினைத்து, அதையும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"இத இப்படியே திறக்க முடியாதுங்கய்யா" என்றார் அறிவுச்செல்வி. "உள்ள ஆரு இருக்கறாங்க, என்ன நடக்குதுன்னு வெளிய நின்னா தெரியோணும். கதவுல கண்ணாடி வேணும். வெளித் தாழ்ப்பாளை எடுத்தறோணும். ஒரு பெரியவர் மட்டும் ஒரு பிள்ளையோட இந்த ரூமுக்குள்ள இருக்கக் கூடாது. அதையும் எழுதி ஒட்டோணும். இதெல்லாம் ஆகற வரைக்கும் பிள்ளைங்க மரத்தடியிலயே பாடட்டும். சேலத்துக்கு இப்படித்தான் எழுதப் போறேன்."

வெங்காயம் உரித்தவர்கள் கத்தியோடு எட்டிப் பார்த்தார்கள். ராயப்பன் தன் பணத்தில், தன் மேற்பார்வையில் கட்டிய அறை, நாளைக்குத் திருவிழா. டோனி சாமி ராயப்பனின் முகத்தைப் பார்க்கப் பயந்து மின்விசிறியைப் பார்த்தார்.

ராயப்பன் நிதானமாகக் கேட்டார். "அப்ப நீங்க விலகலீங்களா?"

"விலகறதா இருந்தா கதவை எதுக்குங்க தட்டிப் பாக்கறேன்?"

ராயப்பனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வயிற்றிலிருந்து கொஞ்சமாக வந்தது, பிறகு அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லிடியா வாசற்படியில் நின்றபடியே சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் டோனி சாமியும் சிரித்தார். அறிவுச்செல்வி மட்டும் குடையை மடக்கியபடி, "கண்ணாடி எந்த ஒசரத்துலன்னு பிள்ளைங்களக் கேட்டு வெய்யுங்க" என்றார்.

பொழுது சாயுமுன் பிரிவு ரோட்டு வெல்டிங் பட்டறையிலிருந்து கேஸ் கட்டர் வந்தது. யானை முட்டினாலும் அசையாத தகட்டில் நெருப்புப் பொறி பறக்க ஓட்டை விழுந்தது. கண்ணாடிக்கு ராயப்பனே சங்ககிரி போய், லாரி கேபின் ஜன்னலுக்கு வைக்கிற கண்ணாடியை ரப்பர் பட்டியோடு வாங்கி வந்தார். லிடியாவைக் கதவோரம் நிறுத்தி அவள் மூக்கு மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். வெளித் தாழ்ப்பாளை ராயப்பன் தன் கையால் கழற்றினார். பட்டறைக்காரர், இவ்வளவு நல்ல கதவைக் கெடுத்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார்.

"உனக்கென்னப்பா தெரியும்" என்றார் ராயப்பன். "இந்த மாவட்டத்துலயே பெயிலான கதவு இது ஒண்ணுதான். அந்தம்மா ஆரு கட்டுனதுன்னு பாக்கல. எங்கதவுன்னு தெரிஞ்சும் பெயிலாக்குச்சு. அந்த மாதிரி ஒரு அம்மா எந்தப் பங்குல இருக்குது சொல்லு பாக்கலாம். நாந்தான் சேலம் போயிக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

ஊர் திரும்பிவிட்ட அறிவுச்செல்விக்கு டோனி சாமி படம் எடுத்து அனுப்பினார். ஒட்டுகிற தாளில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லிப் பதில் வந்தது, சேர்த்தார்கள். அதன் பிறகுதான் சரி என்று வந்தது. கூடவே, அடுத்த தடவையும் சொல்லாமல்தான் வருவேன் என்று ஒரு வரி. அதை ராயப்பன் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

திருவிழா அன்று காலை ரிப்பன் இல்லை, திறப்பாளர் இல்லை. டோனி சாமி தீர்த்தம் தெளித்தார். பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள், அவ்வளவுதான் திறப்பு. ராயப்பன் பட்டு வேட்டி கட்டி, வந்த சொந்தக்காரர்களை எல்லாம் தேர் கிளம்பும் முன் கதவைப் பார்க்க இழுத்துக்கொண்டு வந்தார். எப்படித் தட்டினார், என்ன சொன்னார் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடித்துக் காட்டினார். மூன்றாவது கூட்டத்தில் அவர் சொன்ன யானை இரண்டாகிவிட்டது.

பூசைக்கு மணி அடிக்கும் நேரம். பாடகர் குழு கடைசியாக ஒரு தடவை பாடிப் பார்க்க வேண்டும். லிடியா புதுப்பாவாடையில் வாசற்படிக்கு வந்தாள். கண்ணாடியை வெளியிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் அதே கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். ராயப்பனும் அவரோடு வந்த எடப்பாடிச் சம்பந்திகளும் அந்தக் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தார்கள்.

"அப்பாரு, தள்ளுங்க. வெளிச்சம் வரல" என்றாள்.

பிறகு அவளே உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடத் தொடங்கினாள்.